தொட்டிக்கும் உறை ஊற்ற வேண்டும்

மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்த கிழமை, அவளுக்குக் கொடுத்திருந்த வாக்குப்படி இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியொன்றும் மூன்று தங்கமீன்களும் வாங்கிக்கொண்டு கல்முனையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தேன். தொட்டியைச் சவர்க்காரம் படாமல் தேய்த்துக் கழுவினோம். கூழாங்கற்களை ஏழெட்டுத் தண்ணீரில் அலசினோம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, குளோரீன் வாடை போன பிறகே ஊற்றினோம். மூன்று நாள் வீடே அந்தத் தொட்டியைச் சுற்றி இருந்தது. நான்காம் நாள் காலையில் மகள் வந்து எழுப்பினாள்.

"வாப்பா, மூணும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. பசிக்குதா?"

பசியென்று நினைத்து நானும் இன்னொரு சிட்டிகை உணவு போட்டேன். ஆறாம் நாள் தொட்டியில் மீன் இல்லை. தண்ணீர் மட்டும் அன்று ஊற்றியது போலவே கண்ணாடியாகத் தெளிந்திருந்தது.

பழைய பள்ளிவாசல்களில் வுழு எடுக்கும் ஹவுழ் என்ற நீர்த்தொட்டியில் மீன் விட்டிருந்ததைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் நம்மில் பலர். கால் வைத்தால் வழுக்கும் படி, கை வைத்தால் பிசுபிசுக்கும் சுவர், ஓரத்தில் பச்சைப் பாசி. அதற்குள் மீன்கள் ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தன. துடைத்து வைத்த தொட்டியில் ஆறு நாள் தாக்குப் பிடிக்காத மீன், பிசுபிசுத்த சுவருக்குள் எப்படி வாழ்கிறது? இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பிசுபிசுப்பைப் பற்றியது. அதை விளங்கிக்கொண்டால், புதுத் தொட்டியை விரைவாகத் தயார்ப்படுத்தும் வழியும் தானாகவே விளங்கும்.

மூன்று நாளில் சேர்ந்த நஞ்சு

மீன் உண்ணும் புரதத்தில் நைதரசன் இருக்கிறது. உடலுக்கு வேண்டியது போக மிஞ்சும் நைதரசனை நாம் யூரியாவாக்கிச் சிறுநீரில் விடுகிறோம். யூரியா அவ்வளவு கெடுதியில்லாத பொருள். உடலுக்குள் சிறிது நேரம் தங்கினாலும் தாங்கலாம். மீன் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அமோனியாவாகவே, பெரும்பாலும் பூக்கள் (செவுள்கள்) வழியாக, நேரே வெளியே விட்டுவிடுகிறது. ஆற்றிலோ குளத்திலோ அது அந்தக் கணமே கலைந்து போய்விடும். தொட்டியில் போவதற்கு இடமில்லை.

எங்கள் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 56 லீற்றர் கொள்ளும். நாங்கள் ஊற்றியது ஏறத்தாழ 50 லீற்றர். பிள்ளைகள் ஆசையோடு காலையும் மாலையும் போட்ட உணவு நாளொன்றுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் புரதம் என்றால் 400 மில்லிகிராம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைதரசன் என்பதால் 64 மில்லிகிராம் நைதரசன். அதில் பாதி அமோனியாவாகத் தண்ணீருக்கு வந்தாலே 32 மில்லிகிராம். 50 லீற்றருக்குப் பங்கிட்டால் லீற்றருக்கு 0.6 மில்லிகிராமுக்கு மேல், அதுவும் ஒரே நாளில். மூன்று நாளில் இரண்டு மில்லிகிராமை எட்டிவிடும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. உணவு நேரே குடலுக்குப் போகிறது. அதனால் எந்நேரமும் தின்னப் பார்க்கும். நாமும் பசியென்று எண்ணிப் போட்டுக்கொண்டே இருப்போம்.

அமோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஐதரசன் அயன் ஒன்று கூடி அமோனியமாகிவிட்டால் அது மீனின் பூவுக்குள் எளிதில் நுழையாது. கூடாத வெறும் அமோனியாதான் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பீஎச் பெறுமானமும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 29 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பீஎச் 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு உருவம். பீஎச் 8 ஆனால் நூற்றில் ஏழு. 9க்குப் போனால் நூற்றில் நாற்பதைத் தாண்டிவிடும். லீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் சேர்ந்த எங்கள் தொட்டியின் பீஎச் 8 என்றால் 0.14 மில்லிகிராம் வெறும் அமோனியா. மீன் வளர்ப்பவர்கள் 0.02 மில்லிகிராமைத் தாண்டினாலே கவனமாகிவிடுவார்கள். வெளியே நஞ்சு கூடியிருக்கும்போது மீனால் தன் உடம்பிலிருப்பதையும் வெளியே தள்ள முடியாது. பூக்கள் எரிந்து மூச்சுத் திணறுகிறது. மகள் கண்ட வாய் திறப்பு அந்தத் திணறல்தான். நான் போட்ட சிட்டிகை உணவு அதை இன்னும் கூட்டியது.

1877: மணல் குழாயில் இருபது நாள்

இந்தப் பிரச்சினையின் விடை முதலில் கிடைத்தது ஒரு சாக்கடை ஆராய்ச்சியில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்துக் கழிவுநீரை மண்ணில் பாய்ச்சிச் சுத்தமாக்க முடியுமா என்று பிரான்சில் ஆராய்ந்தார்கள். கழிவுநீரிலுள்ள அமோனியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது என்பது தெரிந்திருந்தது. ஒட்சிசன் பட்டு இரும்பு துருப்பிடிப்பது போல அதுவும் தானாக நடக்கும் இரசாயனம் என்றே பலரும் நம்பினார்கள்.

ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணத் தூளையும் நிரப்பி, மேலிருந்து கழிவுநீரை மெதுவாகச் சொட்டவிட்டார்கள். அமோனியா போன மாதிரியே கீழே வந்தது. இப்படியே ஏறத்தாழ இருபது நாள் போனது. பிறகு அமோனியா குறைந்து நைத்திரேற்றுத் தோன்றத் தொடங்கியது. சில நாளில் அமோனியாவே வரவில்லை. தானாக நடக்கும் இரசாயனமென்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமே. இருபது நாள் எதற்காகக் காத்திருந்தது?

அவர்கள் குழாய்க்குள் குளோரபோம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்று, அமோனியா மறுபடி அப்படியே இறங்கியது. குளோரபோமை நீக்கியும் வேலை தொடங்கவில்லை. பிறகு, நல்ல மண்ணைத் தண்ணீரில் கலக்கி அந்தக் கரைசலில் கொஞ்சத்தைக் குழாய்க்குள் ஊற்றினார்கள். நைத்திரேற்று மறுபடி வந்தது. குளோரபோம் கொன்றதும் மண்கரைசல் திருப்பிக் கொண்டுவந்ததும் ஓர் உயிர்தான் என்று 1877இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

புதுத் தொட்டியின் கதை முழுவதும் இந்தக் குழாயில் இருக்கிறது. முதல் இருபது நாளில்தான் எங்கள் மீன்கள் இறந்தன. மண்கரைசல் ஊற்றிய அந்தக் கைதான் எங்களிடம் இல்லாமல் போனது.

நம் அடுப்படியில் அந்தக் கை இருக்கிறது. அம்பாறைப் பக்கத்து எருமைப்பாலை எவ்வளவு சுத்தமாகக் காய்ச்சி எடுத்துச் சட்டியில் ஊற்றி வைத்தாலும், அதில் உறை ஊற்றாவிட்டால் அது தயிராகாது. நாளாகிக் கெட்டுத்தான் போகும். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி கலந்தால் ஓர் இரவில் உறைந்துவிடும். பாலைத் தயிராக்குவது அந்தக் கரண்டிக்குள் இருக்கும் பற்றீரியா. தொட்டிக்கும் அதே கதைதான். ஆனால் இங்கே வேண்டிய பற்றீரியா வேறு. பெருகும் வேகமும் வேறு.

இரண்டு கட்ட வேலை

அந்த உயிரைத் தனியே பிரித்தெடுக்க மேலும் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. அக்காலத்தில் பற்றீரியாவை வளர்த்தவர்கள் இறைச்சிச் சாறும் ஜெலற்றினும் கலந்த கூழில் வளர்த்தார்கள். இந்தப் பற்றீரியா அதைத் தொடவே இல்லை. ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி சூரிச் நகரில் வேலை செய்தபோது, உணவுச் சத்து எதுவுமில்லாத உப்புக் கரைசலில் அமோனியாவை மட்டும் கொடுத்துப் பார்த்தார். வளர்ந்தது. அமோனியாவை ஒட்சிசனோடு சேர்த்து எரிப்பதில் கிடைக்கும் சக்தியைக் கொண்டு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து தன் உடலைக் கட்டிக்கொள்ளும் உயிரை 1890இல் அவர் உலகுக்குக் காட்டினார்.

வேலை இரண்டு கட்டமாக நடப்பதையும் அவரே கண்டார். முதற் கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக்குகிறது. இரண்டாவது கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குகிறது. முதலாவதற்கு நைத்திரோசோமோனாஸ் என்றும் இரண்டாவதற்கு நைத்திரோபற்றர் என்றும் பெயர் வந்தது. நம் பாடப்புத்தகங்களில் நைதரசன் வட்டத்தில் நாம் மனப்பாடம் செய்த பெயர்கள் இவைதான்.

இடையில் வரும் நைத்திரைற்றும் ஆபத்தானது. மீனின் பூ தண்ணீரிலிருந்து குளோரைட்டை உள்ளே இழுக்கும் வாசலால் நைத்திரைற்றும் நுழைந்துவிடும். இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை அது மாற்றிவிட்டால் அதற்கு ஒட்சிசனைச் சுமக்க முடியாது. இரத்தம் கபில நிறமாகிவிடும். ஆகவே அமோனியா குறைந்துவிட்டதென்று நம்பி மீனை விட்டால் இரண்டாவது அடி விழும். இங்கே நம் கடற்கரைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தண்ணீரில் குளோரைட்டு கூடுதலாக இருந்தால், அது வாசலை அடைத்துக்கொண்டு நைத்திரைற்றை உள்ளே விடாது. நம் கிணற்றுத் தண்ணீரில் சற்று உவர்ப்பு இருப்பது அந்த வகையில் மீனுக்குக் காவல். குழாய்த் தண்ணீரில் நைத்திரைற்று ஏறிவிட்டால், பத்து லீற்றருக்கு ஒரு கிராம் சாதாரண உப்புக் கரைத்து விடுவது உயிர் காக்கும் முதலுதவி.

நூறாண்டுகளுக்கு மேல் பாடப்புத்தகங்களில் இருந்த பெயரிலும் ஒரு பிழை வெளிப்பட்டது. கலிபோர்னியாவில் திமோதி ஹொவனெக், எட்வர்ட் டிலோங் இருவரும் மீன்தொட்டி வடிகட்டிகளிலுள்ள பற்றீரியாவை மரபணு முறையில் தேடினார்கள். 1996இல் வெளியான அந்த ஆய்வில், நன்னீர்த் தொட்டிகளில் நைத்திரோபற்றர் அகப்படவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, அந்த வேலையைச் செய்வது நைத்திரோஸ்பைரா என்று தெரிந்தது. நைத்திரோபற்றரை அடைத்து விற்ற போத்தல்கள் ஏன் தொட்டியில் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதில் விடை இருந்தது. 2015இல் இன்னொரு வியப்பு வந்தது. இரண்டு கட்டத்தையும் தனியே செய்து முடிக்கும் நைத்திரோஸ்பைரா வகைகளை இரண்டு குழுக்கள் ஒரே வேளையில் அறிவித்தன. அதில் நெதர்லாந்தின் நைமேகன் நகரக் குழுவுக்கு அந்தப் பற்றீரியா கிடைத்த இடம் ஒரு மீன் வளர்ப்பு வடிகட்டி. நாம் வீட்டில் வைத்திருக்கும் வடிகட்டிப் பஞ்சுக்குள்ளிருக்கும் உலகத்தை விஞ்ஞானம் இன்னும் அறிந்து முடிக்கவில்லை.

இரட்டிப்பின் கணக்கு

வயிற்றோட்டக் காலத்தில் நாம் பயப்படும் குடற் பற்றீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும். அமோனியாவை எரித்து வாழும் பற்றீரியாவுக்குக் கிடைக்கும் சக்தி சொற்பம். அதனால் ஒன்று இரண்டாகவே அரை நாள், ஒரு நாள் பிடிக்கும். ஒரு நாள் என்றே வைத்துக் கணக்குப் போடுவோம்.

தொட்டியை நடத்தத் தேவையான அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் தொடக்கத்தில் இருந்தால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்து இரட்டிப்பில் 1024 ஆகும். ஆகவே பத்து நாள். இலட்சத்தில் பத்திலொன்று, அதாவது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மட்டும் இருந்தால் இருபது நாள். காற்றிலும் கல்லிலும் ஒட்டி வந்த சில உயிர்களோடு தொடங்கும் புதுத் தொட்டியின் நிலை இதுதான். இரண்டாவது கூட்டத்துக்கு நைத்திரைற்று வந்த பிறகே சாப்பாடு கிடைப்பதால் அது இன்னும் பிந்தித் தொடங்கும். இதனாலேயே எதுவும் சேர்க்காத தொட்டி தயாராக நான்கு முதல் ஆறு கிழமை ஆகிறது.

இப்போது, நல்ல நிலையில் ஓடும் ஒரு பழைய தொட்டியிலிருந்து, உங்களுக்குத் தேவையான பற்றீரியாவில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒன்று பத்தாக மூன்று இரட்டிப்பும் சொச்சமும் போதும். நான்காம் நாள் வேலை முடியும். பாதியைக் கொண்டுவந்தால் மறுநாளே முடியும். பற்றீரியா பெருகும் வேகத்தை நம்மால் அவ்வளவாகக் கூட்ட முடியாது. இன்னொருவர் வீட்டில் மாதக் கணக்காகப் பெருகியதைக் கடன் வாங்கலாம். விரைவாகத் தயார்ப்படுத்தும் வழிகள் என்று சொல்லப்படும் எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கில் வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.

எதைக் கடன் வாங்குவது என்பதில் பலரும் பிழை விடுகிறார்கள். பழைய தொட்டியின் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். இந்தப் பற்றீரியா தண்ணீரில் மிதந்து திரிவதை விட எதிலாவது ஒட்டி வாழ்வதையே விரும்பும். பஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் பசை போன்ற படலமாகப் படிந்து வாழும். ஹவுழ்ச் சுவரின் பிசுபிசுப்பு அதுதான். எனவே கொண்டுவர வேண்டியது பழைய வடிகட்டியின் பஞ்சு. கபில நிறத்தில் சேறு பிடித்து, பார்க்க அருவருப்பாக இருக்கும் பஞ்சுதான் நல்ல உறை.

கல்முனையின் வெக்கை

குளிர் நாடுகளில் தொட்டியைத் தயார்ப்படுத்தும்போது சூடேற்றி வைத்துத் தண்ணீரை 28 பாகைக்குக் கொண்டுவருவார்கள். இந்தப் பற்றீரியாவுக்குப் பிடித்தமான வெப்பம் அந்தளவு. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அந்த வெப்பம் வருடம் முழுவதும் வீட்டுக்குள் சும்மா கிடைக்கிறது. தயார்ப்படுத்தும் வேகத்தில் நாம் அவர்களுக்கு முன்னே நிற்கிறோம்.

மீனை விட்ட பிறகு அதே வெக்கை நமக்கு எதிராகிறது. சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குளங்களில் வளர்க்கத் தொடங்கிய தங்கமீன் குளிர்ந்த தண்ணீரின் மீன். நுவரெலியாத் தண்ணீர் அதற்குப் பொருந்தும். 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஒன்பது மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரைதான். வெப்பம் கூடினால் மீனுக்கு ஒட்சிசன் கூடுதலாகவும் வேண்டும். பற்றீரியாவும் பங்கு கேட்கும்: ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக்க நாலரை மில்லிகிராம் ஒட்சிசன் செலவாகிறது. பீஎச் 8இல் நஞ்சு அமோனியாவின் பங்கும் 20 பாகையில் நூற்றில் நான்கு, 29 பாகையில் ஏழு. ஆகவே குளிர் நாட்டுப் புத்தகத்தில் இத்தனை லீற்றருக்கு இத்தனை மீன் என்று போட்டிருந்தால், கல்முனையில் மீனைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்ட வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொட்டியை அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழோ மேற்குச் சன்னலோரமோ வைக்கக்கூடாது. தண்ணீரின் மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் படவிட்டால் ஆவியாதலால் இரண்டொரு பாகை இறங்கும்.

மின்வெட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம்வரை மின் இல்லாமல் இருந்தது. காற்று பம்ப் நின்றால் மீனுக்கு முன்பே, மூடிய பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டிப் பற்றீரியா ஒட்சிசனின்றித் தவிக்கும். தொட்டிக்குள்ளேயே திறந்து நிற்கும் சாதாரணப் பஞ்சு வடிகட்டி இந்த விதத்தில் விலை கூடிய பெட்டி வடிகட்டியை விட நமக்குப் பொருத்தம். பற்றரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

செய்யும் முறை

முதலில் தண்ணீர். நீர் வழங்கல் சபைக் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரீன் இருக்கும். அது நம் பற்றீரியாவையும் கொல்லும். அகன்ற பாத்திரத்தில் காற்று பம்ப் போட்டு ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் போய்விடும். அவசரமென்றால் புகைப்படக்காரர்கள் பாவித்த ஹைப்போப் படிகம் உடனே நீக்கும். மீன் கடைகளில் குளோரீன் நீக்கி என்று விற்பதும் பெரும்பாலும் அதுதான்.

அடுத்து வடிகட்டி. பஞ்சு வடிகட்டியைப் பூட்டி, காற்றை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். பற்றீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாகிப் பீஎச் இறங்கும். ஆறரைக்குக் கீழே போனால் வேலை மந்தமாகிவிடும். ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் மணலோடு சுண்ணம் கலந்தது போல, கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஓடுகளைக் கழுவி ஒரு பிடி போட்டு வைத்தால் அது மெல்லக் கரைந்து அமிலத்தைச் சரிப்படுத்தும்.

மூன்றாவது உறை. நோயில்லாத மீன்கள் பல மாதமாக வாழும் தொட்டியிலிருந்து, தெரிந்தவர்களிடம், பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். அதே தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, ஈரம் காயாமல், வெயில் படாமல், அன்றே கொண்டுவந்து உங்கள் பஞ்சோடு சேர்த்துக் கட்டுங்கள். நோய்ப்பட்ட தொட்டியின் பஞ்சு நோயையும் கொண்டுவரும் என்பதால் இதில் தாட்சண்யம் பார்க்கக்கூடாது. போத்தல் பற்றீரியா வாங்குவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தப் பற்றீரியா வித்தி உண்டாக்கி உறங்கும் வகையைச் சேர்ந்ததல்ல. வெயிலில் நின்ற லொறியிலும் கடைத் தட்டிலும் மாதக் கணக்கில் வெந்த போத்தலில் உயிர் எஞ்சுவது கடினம்.

நான்காவது சாப்பாடு. மீன் இல்லாமல் பற்றீரியாவுக்கு அமோனியா கொடுக்க வேண்டும். எளிய வழி, ஓர் இறால் துண்டைத் துணியில் முடிந்து தொட்டியில் போடுவது. அது அழுகி அமோனியா வரும். அளந்து கொடுக்க விரும்பினால் நவச்சாரம் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் பாவித்த அதே அமோனியம் குளோரைட்டுத்தான். தொட்டிக்குப் பட்டறைச் சரக்கு ஆகாது, ஆய்வுகூடத் தரத்தில் சுத்தமானது வேண்டும். அதன் எடையில் நூற்றில் 26 பங்கு நைதரசன். 50 லீற்றருக்கு 0.4 கிராம் கரைத்தால் லீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் கிடைக்கும். வாசனையும் சவர்க்காரமும் கலந்த துப்புரவு அமோனியாவைத் தொட்டிப் பக்கமே கொண்டுவரக்கூடாது.

பிறகு துளிச் சோதனைப் பெட்டியால் அமோனியாவையும் நைத்திரைற்றையும் தினம் அளந்து எழுதி வையுங்கள். முதலில் அமோனியா இறங்கும், நைத்திரைற்று ஏறும், பிறகு அதுவும் இறங்கும். அமோனியா தீர்ந்ததும் மறுபடி அதே அளவு கொடுங்கள். கொடுத்து 24 மணி நேரத்துக்குள் அமோனியாவும் இல்லை, நைத்திரைற்றும் இல்லை என்ற நாள் வந்தால் தொட்டி தயார். பெரும் பகுதித் தண்ணீரை மாற்றி, சேர்ந்த நைத்திரேற்றை வெளியேற்றிவிட்டு அன்றே மீனை விடலாம். நாளைத் தள்ளினால் பற்றீரியா பட்டினி கிடக்கும்.

ஏற்கெனவே மீனை விட்டுவிட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு: உணவை நிறுத்துங்கள் அல்லது இரண்டு நாளுக்கு ஒரு தரமாக்குங்கள், தினமும் கால் பங்கு முதல் அரைப் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், பழைய பஞ்சுக்கு அலையுங்கள். பின்னாளில் பஞ்சைக் கழுவும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மெல்லப் பிழிந்தெடுங்கள். குழாயடியில் வெள்ளையாகும்வரை கசக்கினால் முதல் நாளுக்கே திரும்ப வேண்டிவரும்.

தொட்டிக்கு வெளியே

சம்மாந்துறை வயலில் யூரியா வீசும் விவசாயியும் இதே பற்றீரியாவோடுதான் பழகுகிறார். யூரியா மண்ணில் அமோனியாவாகும். தண்ணீர் நிற்கும் வயலில் மேல் மண்ணின் சில மில்லிமீற்றரில் மட்டும் ஒட்சிசன் உண்டு. அங்கே அது நைத்திரேற்றாகும். அது கீழே ஒட்சிசனில்லாத சேற்றுக்கு இறங்கினால், வேறு பற்றீரியா அதை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடும். காசு கொடுத்து வாங்கிய உரத்தில் ஒரு பங்கு இப்படிப் பறந்து போவதால்தான் யூரியாவைப் பல தடவையாகப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள்.

இன்னும் கிட்ட வந்தால், நம் காலடியிலும் அது நடக்கிறது. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும். ஒரு வளவின் மலக்குழிக்கும் அடுத்த வளவின் கிணற்றுக்கும் இடையில் இருப்பது கடற்கரை மணல். குழியிலிருந்து கசியும் அமோனியா அந்த மணலில் நைத்திரேற்றாக மாறும், பாரிஸ் குழாயில் மாறியது போலவே. நைத்திரேற்று மணலில் ஒட்டாமல் தண்ணீரோடு நடந்து கிணற்றுக்கு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை; கொதிக்கவைத்தாலும் போகாது. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்த பச்சைக் குழந்தைகள் நீலம் பாரித்ததை ஹன்ட்டர் கொம்லி என்ற மருத்துவர் எழுதினார். குழந்தையின் வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாகி, ஈமோகுளோபினை மாற்றிவிட்டிருந்தது. நைத்திரைற்றால் மீனின் இரத்தத்துக்கு நேரும் அதே கதி. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாதென்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருப்பது இந்தக் குழந்தைகளுக்காக. இரண்டடித் தொட்டியில் துளிச் சோதனை செய்யப் பழகிய பிள்ளை, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு நாள் அந்தக் குப்பியில் ஊற்றிப் பார்க்கும். பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

எங்கள் தொட்டி இரண்டாவது தடவை ஐந்தாம் நாள் தயாரானது. உறவுக்காரர் ஒருவர் தன் தொட்டியிலிருந்து பாதிப் பஞ்சைக் கத்தரித்து, ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீரோடு கொடுத்தனுப்பினார். மகள் தினமும் துளிச் சோதனை செய்து கொப்பியில் நிறம் தீட்டினாள். இம்முறை ஒரே ஒரு தங்கமீன். கழித்தெடுக்கும் நைத்திரேற்றுத் தண்ணீர் முருங்கைக்குப் போகிறது.

தொட்டியின் மூலையில் இப்போது இரண்டு பஞ்சுகள் இருக்கின்றன. ஒன்று அந்த மீனுக்கு. மற்றது, உறைமோர் கேட்டு வருவது போல யாராவது வந்து கதவைத் தட்டும் நாளுக்காக ஊறிக்கொண்டிருக்கிறது.